ஆறாம் ஆண்டுக்கும் முதல் படிவத்துக்கும் இடையே: கேமரன் மலையில் இடைநிலைக் கல்வியின் வளர்ச்சி

மலேசியச் சிறுநகரம் ஒன்றின் இடைநிலைப்பள்ளி வரலாற்றை எழுத முற்படுவோர் பெரும்பாலும் அடிக்கல் நாட்டுவிழாவில் தொடங்கி, தலைமையாசிரியர் வரிசையைக் கூறி, தேர்வு முடிவுகளைத் தொகுத்து, புதிய கட்டடத்தின் படத்தோடு நூலை முடித்துவிடுகின்றனர். பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், பேராக், கிளந்தான் மாநில எல்லைகளை ஒட்டி அமைந்துள்ள கேமரன் மலைக்கு இந்த எழுத்துமுறை பொருந்தாது. தானா ராத்தா நகரிலுள்ள சுல்தான் அகமட் ஷா தேசிய இடைநிலைப்பள்ளியும் ரிங்லெட் நகரின் தேசிய இடைநிலைப்பள்ளியும் தம் வாயிலுக்கு வந்து சேர்ந்த பிள்ளைகளைக் கொண்டே வளர்ந்தவையாதலால், அப்பிள்ளைகள் எங்கிருந்து வந்தனர், எதைக் கடந்து வந்தனர், எத்தனை பேர் வழியிலேயே நின்றுபோயினர் என்பனவே அவற்றின் வரலாற்றில் முதன்மையான பகுதியாகின்றன. தொடக்கப்பள்ளியின் இறுதி வகுப்பாகிய ஆறாம் ஆண்டுக்கும் இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பாகிய முதல் படிவத்துக்கும் இடைப்பட்ட தொலைவு நாட்டின் பிற இடங்களில் ஒரு விடுமுறைக் காலம் மட்டுமே. தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைக்கு அது மொழியும் சாலையும் பணமும் சட்டமும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட தடையாக இருந்தது. அத்தடை எவ்வாறு படிப்படியாகத் தளர்ந்தது என்பதே இவ்வுரையின் பொருள்.

1885-இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மலைப்பகுதியைப் பற்றிய குறிப்பை அரசுக்கு அளித்தாராயினும், அடுத்த நாற்பது ஆண்டுகள் அங்குக் குறிப்பிடத்தக்க குடியேற்றம் எதுவும் நிகழவில்லை. மலாய்க் கூட்டரசு மாநிலங்களின் தலைமைச் செயலராக இருந்த சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் 1925-இல் நேரில் சென்று பார்த்த பின்னரே மலைவாழிடம் ஒன்றை உருவாக்கும் திட்டம் உயிர்பெற்றது. பேராக்கின் தாப்பா நகரிலிருந்து மலையேறும் சாலை 1930களின் தொடக்கத்தில் தானா ராத்தாவை எட்டியது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நெடுங்காலம் பணியாற்றிய ஏ. பி. மில்னின் துணையோடு போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் வட இந்தியாவைச் சேர்ந்த அகர்வால் குடும்பத்தாரின் பாரத் தேயிலை நிறுவனம் உருவாயிற்று. வடக்கே கம்போங் ராஜாவுக்கு அப்பால் புளூவேலித் தோட்டமும் பிரிஞ்சாங்கை அடுத்து சுங்கை பாலாஸ் தோட்டமும் எழுந்தன. காடழித்து, சரிவுகளில் கன்று நட்டு, கொழுந்து பறித்து, தொழிற்சாலையில் இலையை வாட்டி உருட்டிய உழைப்பாளர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர். கங்காணிகள், அதாவது தம் ஊரிலிருந்து ஆளெடுத்து வந்து தோட்டத்தில் அவர்களை மேற்பார்த்த தலைவர்கள் வழியாகவும், மலாயாவின் பிற தோட்டங்களிலிருந்தும் அவர்கள் வந்து சேர்ந்தனர். 1938-இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடிபெயர்வுக்குத் தடை விதித்தபின் புதிய ஆள்வரத்து பெருமளவு நின்றது. லயங்களில், அதாவது வரிசையாகக் கட்டப்பட்ட தொழிலாளர் குடியிருப்புகளில், பிறந்து வளர்ந்த பிள்ளைகளே அதன்பின் தோட்டத்தின் நாளைய தொழிலாளர்களாகக் கருதப்பட்டனர். இக்கருத்தே தோட்டப் பள்ளியின் எல்லையையும் வகுத்தது.

நிலவியல் அமைப்பைப் பற்றி ஒன்று கூற வேண்டும். கேமரன் மலை பகாங்கைச் சேர்ந்ததாயினும், இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை அங்கிருந்து கீழிறங்கிய ஒரே வழக்கமான சாலை பேராக்கிலுள்ள தாப்பாவுக்கே சென்றது. 1950களின் நடுப்பகுதிவரை பகாங்கின் தலைநகராக இருந்த குவாலா லிப்பிஸில், 1913-இல் தொடங்கப்பட்டுப் பின்னர்க் கிளிஃபர்ட் பள்ளி என்று பெயர்பெற்ற அரசு ஆங்கிலப்பள்ளி இருந்தது. மாநிலத்தின் அதிகாரிகளும் ஆசிரியர்களும் பலர் அங்கு உருவாயினர். மலையிலிருந்து அந்நகருக்கு நேர்ச்சாலை இல்லை. தாப்பாவுக்கு இறங்கி, தெற்கே நெடுந்தொலைவு சென்று, மத்திய மலைத்தொடரைச் சுற்றிக் கடந்தே அங்குச் செல்ல வேண்டும். ஆகவே தோட்டத்துப் பிள்ளைக்குத் தன் மாநிலத்தின் சிறந்த பள்ளி வரைபடத்தில் அருகிலும் வாழ்க்கையில் எட்டாத இடத்திலும் இருந்தது.

தோட்டங்கள் தொடங்கப்பட்டபோதே பள்ளி நடத்த வேண்டிய சட்டக் கடமையும் நடைமுறையில் இருந்தது. 1912-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தொகுப்பும் அதனைத் தொடர்ந்து 1923-இல் இயற்றப்பட்ட சட்டத்தொகுப்பும், ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பத்து அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் வாழும் தோட்டத்தில் நிருவாகம் பள்ளியொன்றை நடத்தச் செய்யும் வழியை வகுத்திருந்தன. மலாயாவெங்கும் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பெருகியதற்கு இச்சட்டமே காரணம். ஆனால் கட்டடம் எத்தகையது, ஆசிரியர் எத்தகுதி உடையவர், எத்தனை ஆண்டுகள் கற்பிக்க வேண்டும் என்பவற்றில் சட்டம் தளர்வாக இருந்தமையால், நிருவாகங்கள் பல, குறைந்த அளவையே போதிய அளவாகக் கொண்டன. கொட்டகை ஒன்றில் பல வகுப்புகள் ஒருசேர அமர்ந்தன. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணி எனப்பட்ட அலுவலக எழுத்தரோ ஆசிரியர் பொறுப்பையும் சேர்த்துப் பார்த்தார். பாடநூல்கள் சென்னை மாகாணத்திலிருந்து வந்தன. நான்காம் வகுப்போடு நின்ற பள்ளிகளே மிகுதி. நிருவாகத்தின் கணக்கில் பள்ளி என்பது தாய்மார்கள் கொழுந்து பறிக்கும் நேரத்தில் பிள்ளைகளை ஓரிடத்தில் வைத்திருக்கவும், குடும்பங்கள் வேறு தோட்டத்துக்குப் பெயராமல் தடுக்கவும் பயன்பட்ட ஏற்பாடு. எனினும் அக்கொட்டகைகளை இகழ்ந்து ஒதுக்குவது முறையாகாது. தமிழில் எழுதவும் கணக்கிடவும் கற்ற முதல் தலைமுறை அவற்றிலிருந்தே வந்தது. பிற்காலத்தில் இடைநிலைப்பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பத் துணிந்த பெற்றோரும் அத்தலைமுறையினரே.

அதே காலத்தில் அதே மலையில் வேறொரு வகைக் கல்வி நடைபெற்றது. சிங்கப்பூரில் தாங்லின் பள்ளியை நிறுவிய ஆன் கிரிஃபித்-ஜோன்ஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி 1934-இல் கேமரன் மலையில் விடுதிப்பள்ளியொன்றைத் திறந்தார். குளிர்ந்த மலைக்காற்று ஐரோப்பியப் பிள்ளைகளின் உடல்நலத்துக்கு ஏற்றது என்பதும், இளம் வயதிலேயே அவர்களை இங்கிலாந்துக்கு அனுப்ப வேண்டியதில்லை என்பதும் அதன் அடிப்படை. போருக்குப்பின் 1950களின் தொடக்கத்தில், பிரிட்டிஷ் படையினரின் பிள்ளைகளுக்காக, ஃபீல்டு மார்ஷல் ஸ்லிம்மின் பெயரால் ஸ்லிம் பள்ளி தொடங்கப்பட்டு 1964 வரை நடைபெற்றது. ஆக, இடைநிலைக் கல்வி மலையேறாமல் இருந்தது என்று கூற இயலாது. அது மலையில் உழைத்தவர்களின் பிள்ளைகளைத் தேடி வரவில்லை என்பதே சரியான கூற்று. உயரமும் குளிரும் சாலை வசதியின்மையும் கல்விக்குத் தடைகள் என்று பிற்காலத்தில் கூறப்பட்ட காரணங்களை மதிப்பிடுகையில் இவ்விரு பள்ளிகளையும் நினைவிற்கொள்வது நல்லது.

ஜப்பானிய ஆட்சிக்காலமும் 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலமும் தோட்டப்புறக் கல்வியைக் கடுமையாகக் குலைத்தன. ஆயினும் அடிப்படையான மாற்றம் போரினால் வரவில்லை, கொள்கை அறிக்கைகளினால் வந்தது. 1951-இல் வெளிவந்த பார்ன்ஸ் அறிக்கை, மலாயும் ஆங்கிலமும் மட்டுமே பயிற்றுமொழியாக உள்ள தேசியப் பள்ளிகளை நிறுவி, தமிழ், சீனப் பள்ளிகளை நாளடைவில் கைவிடப் பரிந்துரைத்தது. தமிழ், சீனச் சமூகங்கள் அதனை எதிர்த்தன. 1956-ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கையும் அதன் வழிவந்த 1957-ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் வேறொரு சமன்பாட்டை முன்வைத்தன: தொடக்கநிலையில் தாய்மொழிப் பள்ளிகள் தொடரலாம், ஆனால் எல்லாப் பள்ளிகளுக்கும் பாடத்திட்டம் ஒன்றாக இருக்க வேண்டும். இவ்வமைப்பில் மலாய்மொழிப் பள்ளி ‘தேசியப் பள்ளி’ என்றும், தமிழையோ சீனத்தையோ பயிற்றுமொழியாகக் கொண்ட பள்ளி ‘தேசிய வகைப் பள்ளி’ என்றும் பெயர்பெற்றன. சென்னைப் பாடநூல்களின் காலம் முடிந்து, தோட்டத்துப் பிள்ளையும் நகரத்துப் பிள்ளையும் ஒரே பாடத்திட்டத்தைப் படிக்கும் நிலை முதன்முறையாக ஏற்பட்டது. தமிழ்ப்பள்ளிக்கு மேல் தமிழ்வழி இடைநிலைப்பள்ளி என்று எதுவும் அமையவில்லை. இன்றளவும் மலேசியாவில் அத்தகைய பள்ளி இல்லை.

1961-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தொடக்கக் கல்வியைக் கட்டணமின்றி வழங்கியது. ஆனால் ஆறாம் ஆண்டின் முடிவில் நுழைவுத் தேர்வு ஒன்று காத்திருந்தது. அதில் தேறியோர் மட்டுமே இடைநிலைப்பள்ளியில் சேரலாம் என்பதால், பெரும்பாலான பிள்ளைகளின் படிப்பு பன்னிரண்டு வயதில் முடிந்தது. தோட்டத்தைப் பொறுத்தவரை இதன் பொருள் வெளிப்படையானது. தேறாத சிறுவன் ஓரிரு ஆண்டுகள் வீட்டிலோ காய்கறித் தோட்டத்திலோ கழித்துவிட்டுத் தோட்டத் தொழிலாளர் பெயர்ப்பட்டியலில் சேர்ந்தான். சிறுமி தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டாள். 1964-இல் இத்தேர்வு கைவிடப்பட்டு, மறு ஆண்டு முதல் ஒன்பது ஆண்டுக் கல்வி, அதாவது மூன்றாம் படிவம் வரையிலான படிப்பு, எல்லோருக்கும் உரியதாயிற்று. நாடெங்கும் சிறுநகரங்களில் இடைநிலைப்பள்ளிகள் பெருகியதும் விரிந்ததும் இம்முடிவினால்தான். கேமரன் மலையின் கல்வி வரலாற்றில் ஓராண்டைத் தேர்ந்தெடுத்துக் கோடிட வேண்டுமானால், எந்தக் கட்டடத் திறப்புவிழாவையும் விட 1964-ஆம் ஆண்டே அதற்கு உரியது. வாயிலைத் திறந்துவிட்ட பிறகே பள்ளிக்கு வகுப்பறைகள் தேவைப்பட்டன.

வாயில் திறந்தாலும் மொழி நின்றது. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் பயின்ற பிள்ளை வேறொரு பயிற்றுமொழிக்கு மாற வேண்டியிருந்ததால், அத்தகையோருக்கென ‘புகுமுக வகுப்பு’ என்னும் ஓராண்டு இடைவகுப்பு ஏற்படுத்தப்பட்டிருந்தது. ஆறாம் ஆண்டுக்கும் முதல் படிவத்துக்கும் நடுவே நின்ற இவ்வகுப்பில் புதிய பயிற்றுமொழியே முதன்மையாகக் கற்பிக்கப்பட்டது. தொடக்கத்தில் அம்மொழி ஆங்கிலம். 1970-இல் ஆங்கிலப்பள்ளிகளின் முதலாம் ஆண்டில் தொடங்கிய மாற்றம் 1976-இல் முதல் படிவத்தை எட்டியபின், அது மலாயாயிற்று. ஒரே குடும்பத்தில் மூத்த பிள்ளை ஆங்கிலத்துக்கும் இளைய பிள்ளை மலாய்க்கும் புகுமுக வகுப்பில் அமர்ந்த நிலை அக்காலத்தில் இயல்பானதே; அண்ணனின் பழைய நூல்கள் தம்பிக்கு உதவாமற்போயின.

புகுமுக வகுப்பைப் பற்றி இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. அது மொழித்தடையைக் கடக்க உதவிய பாலம் என்பர் சிலர். ஓராண்டை வீணாக்கிப் பிள்ளையைத் தன் வயதினரிடமிருந்து பிரித்தது என்பர் வேறு சிலர். இரண்டும் உண்மையே; எனினும் தோட்டப்புறத்தில் இரண்டாவதன் பாரம் கூடுதலாக இருந்தது. ஏனெனில் நாட்கூலிக் குடும்பத்தில் ஓராண்டு என்பது ஓராண்டு வருமானம். பதினைந்து வயதில் மூன்றாம் படிவத்தை முடிக்க வேண்டியவன் பதினாறில் முடித்தான். அவ்வயதில் தோட்டத்து வேலையும், பின்னாளில் ஈப்போ, கோலாலம்பூர் நகரத் தொழிற்சாலைகளும் அவனை அழைத்துக்கொண்டிருந்தன. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் மலாய்மொழியில் போதிய தேர்ச்சி பெற்றவர்கள் நேரே முதல் படிவம் செல்லலாம் என்னும் விதியினால், தமிழ்ப்பள்ளிகளில் மலாய்மொழி கற்பித்தலின் தரம் பெற்றோரின் முதல் கவலையாயிற்று. தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரின் திறமையைத் தோட்டத்து மக்கள் அளந்த கோல், அவர் வகுப்பிலிருந்து எத்தனை பிள்ளைகள் புகுமுக வகுப்பைத் தாண்டிக் குதித்தனர் என்பதே.

இனிச் சாலை. ரிங்லெட், ஹாபு பகுதிகள் தெற்கிலும், தானா ராத்தாவும் பிரிஞ்சாங்கும் நடுவிலும், திரிங்காப், கோலா தெர்லா, கம்போங் ராஜா, புளூவேலி ஆகியவை வடக்கிலுமாக, மலையின் முகட்டுச்சாலை ஒன்றிலேயே ஊர்கள் அனைத்தும் கோக்கப்பட்டுள்ளன. புளூவேலியிலிருந்து தானா ராத்தா வரையிலான வழி இருபத்தைந்து கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. வளைவுகளும் மழையும் மண்சரிவும் அதனை இன்னும் நீட்டின. தொடக்கப்பள்ளி லயத்திலிருந்து நடந்துசெல்லும் தொலைவில் இருந்தது; இடைநிலைப்பள்ளிக்கு விடியற்காலை இருளிலும் குளிரிலும் எழுந்து, தோட்டத்துச் சாலையில் இறங்கி, பெருஞ்சாலையில் வண்டி பிடிக்க வேண்டும். தாயும் தந்தையும் அதே நேரத்தில் பெயர் கொடுக்க, அதாவது அன்றைய வேலைக்குத் தம் வருகையைப் பதிய, புறப்பட்டுவிடுவதால், வண்டியைத் தவறவிட்ட பிள்ளையை மீண்டும் பள்ளிக்கு அனுப்ப வீட்டில் யாரும் இருப்பதில்லை. தோட்டப்புற மாணவரின் வருகைக் குறைவுக்குப் பெற்றோரின் அக்கறையின்மையைக் காரணம் காட்டும் வழக்கமான பேச்சு, இந்தக் கால அட்டவணையைக் கருத்தில் கொள்வதேயில்லை.

பணத்தைப் பொறுத்தவரை, பள்ளிக் கட்டணத்தை விடப் பிற செலவுகளே குடும்பங்களை அழுத்தின. தொடக்கப்பள்ளியின் கருநீலச் சீருடை ஆறாம் ஆண்டோடு முடிகிறது; இடைநிலைப்பள்ளியில் ஆண்பிள்ளைக்கு ஆலிவ் பச்சைக் காற்சட்டையும் பெண்பிள்ளைக்கு வெளிர்நீலப் பச்சை உடையும் புதிதாக வாங்க வேண்டும். நூல்களின் செலவை 1975-இல் தொடங்கப்பட்ட பாடநூல் இரவல் திட்டம் பெரிதும் குறைத்தது. குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைக்கு அரசே நூல்களை இரவலாக வழங்கி ஆண்டிறுதியில் திரும்பப் பெற்றுக்கொண்ட இத்திட்டம், மேடைகளில் அதிகம் புகழப்படாவிட்டாலும், தோட்டப்புறப் பிள்ளைகளைப் படிவங்களில் நிலைநிறுத்தியவற்றுள் முக்கியமானது. அதற்குப்பின்னும் மூன்றாம் படிவ இறுதியில் எஸ்.ஆர்.பி. தேர்வு என்னும் வடிகட்டி இருந்தது. அதில் தேறாதோர் வெளியேறினர். 1993-இல் பி.எம்.ஆர். தேர்வு அதன் இடத்துக்கு வந்தபோதுதான், தேர்ச்சி எவ்வாறிருப்பினும் ஐந்தாம் படிவம் வரை, அதாவது எஸ்.பி.எம். தேர்வு வரை, தொடர்ந்து படிக்கும் வாய்ப்பு பொதுவாயிற்று. 1964-இல் பாதி திறந்த வாயில் முழுமையாகத் திறக்க ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின.

இடைநிலைப்பள்ளியில் தமிழின் நிலை தனியே நோக்கத்தக்கது. குறைந்தது பதினைந்து மாணவரின் பெற்றோர் கோரினால் தாய்மொழியைப் பாடமாகக் கற்பிக்கலாம் என்பது விதி. பெரிய நகரப் பள்ளிகளில் இவ்வெண்ணிக்கை எளிது. மலைநகரப் பள்ளியில் அது ஆண்டுதோறும் பெற்றோர் முயன்று காக்க வேண்டிய எல்லையாகிறது. எண்ணிக்கை இருந்தும் ஆசிரியர் இல்லாமற்போவதுண்டு. ஆசிரியர் இருந்தும் பாடம் கால அட்டவணைக்கு வெளியே தள்ளப்பட்டு, வண்டி புறப்படும் நேரத்தோடு மோதுவதுண்டு. 2009-இல் எஸ்.பி.எம். தேர்வில் பத்துப் பாடங்களுக்கு மேல் எடுக்கலாகாது என்று அறிவிக்கப்பட்டபோது, தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் கைவிடப்படும் என்ற அச்சத்தால் தமிழ் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. அதன் விளைவாகக் கூடுதலாக இரண்டு பாடங்கள் அனுமதிக்கப்பட்டன. தமிழ்வழி இடைநிலைப்பள்ளி ஒன்று நாட்டில் வேண்டும் என்னும் நெடுநாள் கோரிக்கை நியாயமானதே. ஆனால் அது எங்கு அமைந்தாலும் புளூவேலிப் பிள்ளை நாள்தோறும் அங்குச் சென்றுவர இயலாது. இப்பிள்ளைக்குத் தமிழ் கிடைக்குமா என்பதைத் தீர்மானிப்பது தானா ராத்தா பள்ளியின் கால அட்டவணையே.

இடைநிலைப்பள்ளியின் வளர்ச்சி தோட்டத்தின் தேய்வோடு பின்னிப்பிணைந்தது. ஐந்தாம் படிவம் முடித்தவர்கள் கொழுந்துக் கூடையை எடுக்கவில்லை. எழுத்தர், ஆசிரியர், செவிலியர், தொழில்நுட்பர் என்று கீழ்நாட்டு நகரங்களில் நிலைபெற்றுப் பெற்றோரையும் அழைத்துக்கொண்டனர். தோட்டத்தில் அவர்கள் விட்டுச்சென்ற இடங்களை வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து ஒப்பந்தத்தில் வந்த தொழிலாளரும், கொழுந்து வெட்டும் இயந்திரங்களும் நிரப்பின. இத்தொழிலாளர் குடும்பத்தோடு வருவதில்லையாதலால் தோட்டப் பள்ளிகளுக்கு அவர்களால் பிள்ளைகள் வரவில்லை. 1957-இல் 880-க்கும் மேலாக இருந்த நாட்டின் தமிழ்ப்பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530 ஆகக் குறைந்துள்ளன. கேமரன் மலையில் தானா ராத்தா, ரிங்லெட் நகரத் தமிழ்ப்பள்ளிகளோடு, போ, சுங்கை பாலாஸ், புளூவேலி முதலிய தோட்டங்களின் பெயரைத் தாங்கிய பள்ளிகளும் நீடித்து வந்துள்ளன. சுங்கை பாலாஸில் தேநீர் அருந்தி, பச்சைச் சரிவுகளைப் படமெடுத்துத் திரும்பும் பயணிகளில் பலர், அத்தோட்டத்தின் பெயரில் ஒரு தமிழ்ப்பள்ளி உண்டு என்பதை அறியாமலே இறங்கிவிடுகின்றனர். தோட்டத்தின் பெயரைத் தாங்கிய பள்ளிகள் நாட்டில் பெரும்பாலும் ‘பகுதி உதவி பெறும் பள்ளி’ என்னும் வகையைச் சேர்ந்தவை. ஆசிரியர் ஊதியத்தை அரசு ஏற்க, நிலமும் கட்டடமும் தோட்டத்தின் உடைமையாகவோ பள்ளி வாரியத்தின் பொறுப்பிலோ இருக்கும் நிலை இது. 150-க்கும் குறைவான மாணவர் கொண்டவை ‘குறைந்த மாணவர் பள்ளி’ எனப்படும்; மிகச் சிறிய பள்ளிகளில் இரண்டு ஆண்டு மாணவரை ஒரே வகுப்பில் அமர்த்துகின்றனர். பழைய கொட்டகைப் பள்ளியின் கூட்டு வகுப்பு, தகுதிபெற்ற ஆசிரியரோடும் கணினியோடும் மீண்டும் வந்துள்ளது என்றே கூறலாம்.

ஆறாம் ஆண்டுக்கும் முதல் படிவத்துக்கும் இடைப்பட்ட அந்தத் தொலைவை இன்று கூடுதலாகக் கடந்துகொண்டிருப்போர் மலையின் தொல்குடியினரான செமாய் மக்களின் பிள்ளைகள். சாலை, மொழி, குடும்ப வருமானம், விடுதியில் தங்கிப் படிக்கும் தனிமை என்று தமிழ்ப் பிள்ளைகள் முன்னர் எதிர்கொண்டவற்றுள் பெரும்பாலானவை அவர்களுக்கு இன்றும் நடைமுறைச் சிக்கல்களே. 2019-ஆம் ஆண்டின் இடைத்தேர்தலில் கேமரன் மலைத் தொகுதியிலிருந்து, நாட்டின் முதல் ஓராங் அஸ்லி (தீபகற்பத் தொல்குடி) மக்களவை உறுப்பினராக ரம்லி முகமட் நோர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அரசியல் பிரதிநிதித்துவம் கிடைத்துவிட்டால் பள்ளி வருகை தானே கூடிவிடாது என்பதைத் தோட்டத் தமிழரின் பட்டறிவு காட்டுகிறது. 1964-இன் தேர்வு நீக்கமும் 1975-இன் நூல் இரவலும் போன்ற ஓசையற்ற நிருவாக முடிவுகளே அதைச் செய்தன.

இவ்வரலாற்றை முழுமையாக எழுதுவதற்கான சான்றுகள் நூலகங்களைவிடப் பள்ளி அலுவலக அலமாரிகளிலேயே மிகுதியாக இருக்கின்றன. சேர்க்கைப் பதிவேடு, விலகற் பதிவேடு, வருகைக் குறிப்பு, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் கூட்டக் குறிப்பு, தோட்ட நிருவாகத்துக்கும் பள்ளிக்கும் நடந்த கடிதப் போக்குவரத்து ஆகியன கறையானுக்கும் இடமாற்றத்துக்கும் ஆளாகும் முன், அவற்றைப் படியெடுத்துப் பாதுகாக்கும் பணியைக் கேமரன் மலையின் முன்னாள் மாணவர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் மேற்கொள்ள வேண்டும். எந்தத் தோட்டத்திலிருந்து எத்தனை பிள்ளைகள் எந்த ஆண்டில் முதல் படிவத்தில் சேர்ந்தனர், எந்தப் படிவத்தில் விலகினர் என்னும் பட்டியலை முதலில் தொகுப்பது நலம். அதனைத் தொடங்கப் பெரிய நிதி எதுவும் தேவையில்லை, பள்ளி நிருவாகத்தின் இசைவும் விடுமுறை நாட்களில் சில பேரின் உழைப்புமே போதும்.